கனடாவிலிருந்து மாமா அனுப்பிய பழைய லப்டொப்பில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன், வைஃபை வரவில்லை. இனி இதைக் கழித்துவிட வேண்டியதுதானா?

வேண்டாம் தம்பி. திரையும் சத்தமும் ஒழுங்காக வந்து வைஃபை மட்டும் காட்டவில்லை என்றால், லினக்ஸோடு ஒத்துவராதது உள்ளே இருக்கிற ஒரேயொரு சிப்தான். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ பிள்ளைகள் இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த பழைய இயந்திரங்களில்தான் படிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

லப்டொப்பின் பிராண்ட் மட்டும் தெரிந்தால் போதாது. ஒரே மொடலிலேயே வேறு வேறு வைஃபை அட்டைகள் போட்டு வரும். கட்டளை அடிக்கும் டெர்மினல் ஜன்னலில் 'எல்எஸ்பிசிஐ -என்என்' (lspci -nn) என்று அடித்து, நெட்வொர்க் கன்ட்ரோலர் என்ற வரியைப் பாருங்கள். சிப்பின் எண் அங்கே இருக்கும்.

அந்த எண் ஏன் அவ்வளவு முக்கியம்? பழைய லப்டொப்களில் அடிக்கடி வரும் பிராட்காம் சிப்களையே எடுங்கள். பிசிஎம்4312, பிசிஎம்4313 இரண்டுக்கும் கடைசி இலக்கம்தான் வித்தியாசம், ஆனால் வைத்தியம் வேறு. 4313க்கு வேண்டிய ஃபேர்ம்வேர் (சிப்புக்குள் ஓடும் சிறு மென்பொருள்), 2023இல் வந்த டெபியன் 12 முதல் இன்ஸ்டோலரோடேயே வருகிறது. 4312க்கு, லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலில், சிப்பை இயக்கும் பி43 என்ற டிரைவர் இருக்கிறது. ஆனால் அதன் ஃபேர்ம்வேரை மற்றவர்கள் பகிர உரிமம் இடம் கொடுப்பதில்லை, டெபியனால் அதைச் சேர்த்துத் தர முடியாது. டெபியனின் மென்பொருள் களஞ்சியத்தில் 'கான்ட்ரிப்' (contrib) பகுதியைத் திறந்துவிட்டு 'ஃபேர்ம்வேர்-பி43-இன்ஸ்டோலர்' (firmware-b43-installer) பொதியை நிறுவினால், அதுவே இணையத்திலிருந்து ஃபேர்ம்வேரை இறக்கிப் போட்டுவிடும்.

வைஃபையே இல்லாமல் இணையத்துக்கு எங்கே போவது? அன்ட்ரொய்ட் போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தை லப்டொப்புக்குக் கொடுக்கும் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். லினக்ஸ் அதை வயர் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் தேவையில்லை.

'உபுண்டு போடு, மின்ட் போடு' என்று வேறு லினக்ஸ் வகைகளைச் சொல்வார்கள். சில வேளை சரிவரும், ஆனால் எதனால் சரிவந்தது என்று உங்களுக்குத் தெரியாமலே போகும். அடுத்த அப்டேட்டில் மறுபடியும் நின்றால் எங்கே தேடுவீர்கள்? கேர்னல் எல்லாவற்றிலும் அதே லினக்ஸ்தான். காரணத்தைப் பிடித்துவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் லப்டொப்பையும் நீங்களே சரிசெய்யலாம்.

பென் ட்ரைவிலிருந்து பூட் ஆகவே மறுக்கும், இன்டெலின் அட்டம் புரொசசர் உள்ள பழைய டேப்லட் என்றால் அது வேறு கதை. சிலவற்றில் புரொசசர் 64 பிட், இயந்திரத்தைத் தொடக்கிவைக்கும் யூஇஎஃப்ஐ 32 பிட். 32 பிட் பூட் கோப்பும் சேர்ந்த இன்ஸ்டோலர் இமேஜ்தான் அதற்கு வேண்டும்.

எதுவும் சரிவராவிட்டால் ஒரு யூஎஸ்பி வைஃபை டொங்கிள் வாங்குங்கள். பெட்டியில் உள்ள பெயரை விட்டுவிட்டு, சிப் ஏத்ரோஸ் ஏஆர்9271தானா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அதன் ஃபேர்ம்வேரின் மூல நிரலே திறந்து கிடக்கிறது. முடிந்தால் லப்டொப்பையும் கடைக்கே கொண்டுபோய், செருகிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.