மேஜிக் கமாண்டர்: உங்கள் சீட்டுக்கட்டில்தான் சிக்கல்

மேஜிக் சீட்டாட்டத்தின் கமாண்டர் வகையில், நாலாவது சுற்றிலேயே தாஸாஸ் ஆரக்கிள், டெமோனிக் கன்சல்டேஷன் என்ற இரண்டு சீட்டையும் இறக்கி ஜெயிக்கிறேன், நண்பர்கள் இனி வரமாட்டோம் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். விதிப்படி தப்பில்லை. ஆனால் ஆளுக்கு 100 சீட்டு, 40 உயிர்ப் புள்ளியோடு அரட்டையடித்தபடி ஆட வந்தவர்களுக்கு அது பாதிப் படத்தில் கரண்ட் போன மாதிரி (எனக்கும் இப்படிக் கடுப்பானதுண்டு).

இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் நிறுவனம் 2025-இல் கட்டுகளின் பலத்துக்கென அறிமுகப்படுத்திய ஐந்து படிநிலைகளைப் பாருங்கள். இரண்டாம் நிலையில் கேம் சேஞ்சர் (ஆட்டத்தையே புரட்டிப்போடும் சீட்டுகள்) பட்டியல் சீட்டு ஒன்றுகூடக் கூடாது. மூன்றில் அதிகபட்சம் 3. ஆரக்கிள் அந்தப் பட்டியலில் இருப்பதுதான்.

இருக்கிற கட்டைக் கலைக்க வேண்டாம், போட்டிக்கென்றே வருகிறவர்களிடம் அதை ஆடுங்கள். நண்பர்களுக்குக் கடையில் கிடைக்கும் ஆயத்தக் கட்டு ஒன்று போதும். அப்புறம், ஆட்டத்துக்கு முன்னால் எந்த நிலை என்று கேட்டுவிடுங்கள்.