அமெரிக்கப் பகல்நேர சீரியல்களில் கறுப்பினத்தவருக்குக் காதல் கதை ஏன் அரிதாக இருந்தது?

சீரியலுக்குக் காதல்தான் உயிர், யாரை யாரோடு சேர்த்து வைக்கிறார்கள் என்பதில்தான் பாகுபாடு பளிச்சென்று தெரியும். 1968-இல் 'ஒன் லைஃப் டு லிவ்' தொடரில் எலன் ஹாலி நடித்த கார்லாவை முதலில் வெள்ளைக்காரி என்றே நம்ப வைத்தார்கள். அவள் ஒரு கறுப்பின டாக்டரை முத்தமிட்டதும் புகார்கள் வந்தன, அப்புறம்தான் அவளும் கறுப்பினப் பெண் என்று கதை உடைத்துச் சொன்னது. கறுப்பினக் குடும்பம் ஒன்றைத் தொடக்கத்திலிருந்தே மையத்தில் வைத்த 'ஜெனரேஷன்ஸ்' வர 1989 ஆனது, 1991-இல் நிறுத்திவிட்டார்கள். எனக்கு இது தூரத்துக் கதையாகவே தெரியவில்லை. பென்னாகரத்தில் மதியம் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டே சீரியல் பார்க்கும் என் அத்தை, வெயிலில் கறுத்த கையை டிவி பக்கம் நீட்டிக் கேட்டார்: "நம்ம நிறத்துல ஒருத்தியாவது ஜோடியா வர்றாளா, சொல்லு?"