பீடித்தட்டும் கம்பெனி பஸ்ஸும் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

கொரோனா மந்தத்திலிருந்து நெல்லைச் சீமை எழுந்துவிட்டது என்று போன மாதக் கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஊர் ஆலங்குளம் பக்கம். சென்னையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தேன். விடியுமுன்னே தங்கச்சி கம்பெனி பஸ் ஏறி கங்கைகொண்டானுக்குப் போகிறாள். அம்மா அதே திண்ணையில் அதே பீடித்தட்டோடு உட்கார்ந்திருக்கிறாள். வாரத்தில் நாலு நாளைக்குத்தான் பீடி சுற்ற இலை கொடுக்கிறார்களாம். நீங்கள் சொன்ன ‘எழுந்துவிட்டது’ எங்கள் வீட்டில் யாருக்குப் பொருந்தும்?

எஸ்., சென்னை

அன்புள்ள எஸ்,

அவசரத்தில் எழுதிய வரிதான் அது, ஒத்துக்கொள்கிறேன். கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த சூட்டில் எழுதினால் அப்படித்தான் வரும்.

2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக முதலில் அறிவித்தார்கள். அதே மூன்று மாதத்தில் விவசாயம் மட்டும் 3.4 சதவீதம் கூடியிருந்தது. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற சீமைக்கு அடி குறைவாகத்தான் விழுந்திருக்கும் என்று நானும் நினைத்தேன். பிசானப் பருவத்தில் அறுத்த நெல் வீட்டில் இருந்தது, சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் நெல் விளைச்சலை நம்பி எத்தனை வீடு இருக்கிறது? ஆலங்குளம், கடையம், முக்கூடல், மேலப்பாளையம் பக்கமெல்லாம் வீட்டைத் தாங்குவது இரண்டு வரும்படி. ஆண்கள் வெளியூரிலிருந்து அனுப்புவது ஒன்று. பெண்கள் மடியில் தட்டை வைத்துச் சுற்றிச் சம்பாதிப்பது இன்னொன்று. மழை பொய்த்தால் பீடி ஓடும். மும்பையில் கடை படுத்தாலும் பீடி தாங்கும். பீடிக்கடையில் இலை குறைந்தால் மும்பைப் பணம் தாங்கும். இப்படி முட்டுக்கொடுத்தே இரண்டு தலைமுறை ஓட்டியாயிற்று.

2020 மார்ச் 25-க்குப் பிறகு இரண்டும் சேர்ந்தே நின்றன. பீடி இலை நம் ஊரில் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளிலிருந்து வரவேண்டும். ஊரடங்கில் லாரி ஓடவில்லை, கடையும் திறக்கவில்லை. மும்பைக்காரர்களோ பணம் அனுப்புவதற்குப் பதிலாக ஆளாகவே வந்து இறங்கினார்கள். அரிசி இருந்தும் கையில் பத்து ரூபாய் இல்லாத நிலைமையை என் வயதுக்கு அப்போதுதான் பார்த்தேன். நம் ஊரில் மந்தம் என்றால் அதுதான்.

அந்த ஓட்டையை அடைத்தது, பெண்கள் குழுவாகச் சேர்ந்து வாங்கும் குழுக் கடன். என் அக்காவும் ஒரு குழுவில் இருந்தாள். ஆகஸ்ட் 31 வரை தவணை கட்டவேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருந்தது. தவணையைத்தான் தள்ளிவைத்தார்கள், வட்டியை அல்ல. இதை அக்காவிடம் யாரும் சொல்லவில்லை. செப்டம்பரில் வசூல் தம்பி வந்து நோட்டை விரித்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கடனை அடைக்க இன்னொரு குழு, அதை அடைக்கக் கழுத்துச் சங்கிலி. அவள் வீட்டில் மந்தம் 2020-இல் முடியவில்லை. இதை எந்தப் புள்ளிவிவரத்திலும் நீங்கள் பார்க்கமுடியாது.

புள்ளிவிவரம் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். ஊரடங்குக்கு நாலு மாதம் முன்னால், 2019 நவம்பரில், தென்காசி தனி மாவட்டமானது. உங்கள் ஆலங்குளமும் கடையமும் அந்தப் பக்கம் போயின. கங்கைகொண்டான் சிப்காட் இந்தப் பக்கம் நின்றது. பழைய ‘திருநெல்வேலி மாவட்ட’க் கணக்கையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் வைத்து யாராவது வளர்ச்சி பேசினால், கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். உங்கள் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தங்கச்சியின் உழைப்பு நெல்லை கணக்கில் ஏறுகிறது, அம்மாவின் பீடி தென்காசி கணக்கில்!

சரி, யார் எழுந்தது? தங்கச்சி எழுந்திருக்கிறாள், அதில் சந்தேகமில்லை. 2025 பிப்ரவரியில் முதல்வர் கங்கைகொண்டானில் திறந்துவைத்த டாடா பவர் சோலார் ஆலையில் பெரும்பாலும் பெண்களைத்தான் எடுக்கிறார்கள். கழுத்தில் அடையாள அட்டை, சொந்தக் கணக்கில் சம்பளம். இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்லமாட்டேன். நம் பக்கம் ஒரு பெண் வீட்டை விட்டு வேலைக்குப் போவதென்றால் டீச்சர் அல்லது நர்ஸ் என்றிருந்த காலத்தைப் பார்த்தவன் நான். ஆனால் அந்த வாசலில் ஐடிஐ, டிப்ளமோ, வயது எல்லாம் கேட்பார்கள். சிறுவயதிலிருந்து இலை வெட்டிய உங்கள் அம்மாவின் கைவேகத்துக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

நீங்களும் பாதிதான் எழுந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஊரடங்கிலும் பலசரக்குக் கடை திறக்கலாம் என்றிருந்ததால் அண்ணாச்சி கடைகள் அப்போது தப்பின. இப்போது பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொத்தமல்லித்தழை கொண்டுவருகிற ஆப்பை அவை எப்படிச் சமாளிக்கின்றன என்று நீங்கள்தான் எனக்கு எழுதவேண்டும்.

அம்மாவின் கதை கொரோனாவுக்கு முன்னாலேயே இறங்க ஆரம்பித்தது. பீடித் தொழிலாளர் நலனுக்கென்று 1976-இல் ஒரு செஸ் சட்டம், அதாவது பீடிமேல் தனி வரி போடும் சட்டம் வந்தது. முக்கூடலில் இருக்கிற பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்கான உதவித்தொகை, வீடு கட்ட மானியம் எல்லாம் அந்த நிதியின் வழியே வந்தவை. உங்களுக்கும் பள்ளிக்கூடத்தில் அந்தப் பணம் வந்திருக்கலாம், அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோது அந்த செஸ்ஸை எடுத்துவிட்டு, பீடியை 28 சதவீதத்தில் வைத்தார்கள். பீடி உடம்புக்குக் கேடு, குறையத்தான் வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் குறைக்கிறவர்கள் சுற்றுகிறவளுக்கு வேறு வழி காட்டியிருக்கவேண்டும். ஆட்டுக்குட்டி, தையல் மிஷின் என்று தருவதெல்லாம் வாராவாரம் வந்த கூலிக்கு ஈடாகாது. எல்லா வீட்டிலும் தையல் மிஷின் இருந்தால் யாருடைய ரவிக்கையை யார் தைப்பது?

அப்புறம் ஒரு காரியம். அம்மாவின் பி.எஃப். கணக்கில் இருக்கிற பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பீடிக்கடைப் புத்தகத்தில் ஒரு பெயர், ஆதாரில் வேறு பெயர் என்று நம் பக்கம் ஏகப்பட்ட பேர் அலைகிறார்கள். பத்து வருடச் சேர்மானம் இருந்தால் 58 வயதில் பென்ஷன் உண்டு. 2014-இல் வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய்தான். இருந்தாலும் விட்டுவிடாதீர்கள். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது கொடைக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து, இதை முடித்துவிட்டுப் போங்கள்.