நாற்பது பக்கமும் நான்கு ஓட்டும்

அன்புள்ள ஐயா,

திருச்சியில் மூன்றாம் ஆண்டு இயற்பியல் படிக்கிறேன். ஊர் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஒரு வருடமாக நாட்டு நடப்பைப் பற்றி இரவில் விடுதியில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். அதில் நாற்பது பக்கத்தைத் தட்டச்சு செய்து இணைத்திருக்கிறேன். மக்களவைத் தேர்தல், தொகுதி மறுவரையறை, மும்மொழி, வக்ஃப் திருத்தச் சட்டம், டிரம்ப்பின் வரி, காஸா எல்லாம் இருக்கிறது. வக்ஃப் விவாதம் நடந்த இரவு இரண்டு மணி வரை மக்களவை நேரலை பார்த்தேன்.

ஊருக்குப் போனால் இதையெல்லாம் பேச ஆளில்லை. போன முறை போனபோது அம்மாகூட வீட்டில் இல்லை. ஊரை மாநகராட்சியோடு சேர்க்கக் கூடாது என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்க நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களோடு போய்விட்டார். பக்கத்து வீட்டில் சாவி வாங்கி உள்ளே போய், அவர் வரும்வரை யூடியூபில் விவாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மக்களைப் பார்த்தால் சலிப்பாக இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறார்கள். நண்பர்கள் ஏதாவது ஒரு பக்கம் நில் என்கிறார்கள். அப்பா, அரசியல் சோறு போடாது என்கிறார். இருபது வயதில் கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா? தொடர்ந்து எழுதலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தம்பி,

தாராளமாக எழுதுங்கள். தகுதி விஷயத்தை இந்த நாடு 1989-இலேயே முடித்துவிட்டது. ஓட்டுப் போடும் வயதை 21-இலிருந்து 18 ஆக்கிய அரசமைப்பின் 61ஆவது திருத்தம் அந்த ஆண்டுதான் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுப் போடத் தகுதியுள்ளவருக்குக் கருத்துச் சொல்லத் தகுதி இல்லாமல் போகுமா? அப்பா சொன்னது எல்லா அப்பாக்களும் சொல்வது, அதை விடுங்கள். எந்தப் பக்கம் நிற்பது என்பதை விடுதி அறையில் நாலு பேர் அவசரப்படுத்துகிறார்கள் என்பதற்காக முடிவுசெய்ய வேண்டியதில்லை. அவர்களில் இரண்டு பேர் அடுத்த வருடம் வேறு பக்கம் நிற்பார்கள்.

நாற்பது பக்கத்தையும் படித்தேன். நன்றாக எழுதுகிறீர்கள். தொகுதி மறுவரையறை பற்றிய நான்கு பக்கம் உண்மையிலேயே பிடித்தது. 1971 மக்கள்தொகைக் கணக்கோடு மக்களவை இடங்களின் எண்ணிக்கையை ஏன் நிறுத்தினார்கள், 2001-இல் அதை ஏன் 2026-க்குப் பிறகு வரும் கணக்கெடுப்பு வரை தள்ளினார்கள், குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலம் அதற்காக ஏன் இடம் இழக்க வேண்டும் என்றெல்லாம் கூட்டிக் கழித்துத் தெளிவாகச் சொல்லியிருக்கிறீர்கள். பத்திரிகைகளில் எழுதும் சிலருக்கே இந்தத் தெளிவு இல்லை.

ஆனால் அந்த நாற்பது பக்கத்தைவிட உங்கள் கடிதத்தின் ஒரு வரியில்தான் நான் நின்றுவிட்டேன். அம்மா வீட்டில் இல்லை, மனு கொடுக்கப் போய்விட்டார் என்ற வரி. பூட்டிய வீட்டுக்குக் காரணம் சொல்வதற்காக மட்டும் அதை எழுதியிருக்கிறீர்கள். சாவி கிடைத்ததும் விஷயம் முடிந்துவிட்டது உங்களுக்கு. மனுவில் என்ன எழுதியிருந்தது, யார் எழுதிக் கொடுத்தார்கள், கலெக்டர் ஆபீசில் என்ன சொன்னார்கள் என்று அம்மாவிடம் கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். எழுதாமல் இருக்கிற ஆள் இல்லை நீங்கள்.

புதுக்கோட்டை 2024-இல் மாநகராட்சியானது. மாநகராட்சி என்றால் எல்லை விரியும், சுற்றியிருக்கும் ஊராட்சிகள் உள்ளே போகும். உள்ளே போனால் நூறு நாள் வேலை கிடையாது. 2005-இல் வந்த அந்தச் சட்டமே ஊரகப் பகுதிக்கு மட்டும் போட்டதுதான். வீட்டு வரியும் நகரத்துக் கணக்குக்கு ஏறும். இவ்வளவையும் உங்கள் அம்மா யூடியூப் பார்க்காமல் புரிந்துகொண்டு, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்றிருக்கிறார். மக்களவைத் தொகுதி மறுவரையறை பற்றி நான்கு பக்கம் எழுதிய மகனுக்கு, தன் ஊரின் எல்லையையே மாற்றி வரையப் போகிறார்கள் என்பது ஒரு பக்கத்துக்கும் தேறவில்லை.

காசு வாங்கி ஓட்டுப் போடும் மக்கள் என்று நீங்கள் சலித்துக்கொள்ளும் கூட்டத்தில் அந்த அம்மாவும் இருக்கிறார். வாங்கினாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வாங்கிய ஒருத்தி அடுத்த திங்கட்கிழமை மனுவோடு போய் நிற்பாள் என்றால், வாங்காமல் வீட்டில் உட்கார்ந்து நேரலை பார்ப்பவனைவிட அவள்தான் எனக்கு மேல். இந்தச் சலிப்பை இருபது வயதில் வளர்த்துக்கொள்ளாதீர்கள். முப்பதில் அது வெறும் திமிராக மாறியிருக்கும்.

சரி, உங்களை மட்டும் திட்டிப் பயனில்லை. சில மாதங்களாகவே இது எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதால்தான் உங்களுக்குப் பதில் எழுதுகிறேன். 2025 பொங்கலுக்கு எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். ஊராட்சி அலுவலகச் சுவரில் ‘தலைவர்’ என்ற எழுத்து அப்படியே இருக்கிறது, அதற்குக் கீழே பெயர் இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையடித்திருந்தார்கள். முந்தைய வாரம், 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு, தமிழ்நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்திருந்தது. உங்கள் மாவட்டமும் அதில் உண்டு. 2019 டிசம்பரில் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், புதிதாக யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. தனி அலுவலர் வந்துவிட்டார். தனி அலுவலர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், நம் வாயில் பிடிஓ. தமிழ்நாட்டில் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். வகுத்துப் பாருங்கள், ஓர் ஒன்றியத்துக்கு முப்பது ஊருக்கு மேல் வருகிறது. முப்பது ஊரின் குடிதண்ணீரும் தெருவிளக்கும் ஏற்கெனவே தலைக்கு மேல் வேலையுள்ள ஓர் அதிகாரி கையில்.

ஜனவரி மாதத்தில் உங்கள் நோட்டில் டிரம்ப் பதவியேற்றது இரண்டு பக்கம் இருக்கிறது. உங்கள் ஊர்த் தலைவர் பதவியிறங்கியது ஒரு வரிகூட இல்லை.

சட்டமன்றத்தின் ஐந்தாண்டு முடிந்து தேர்தல் நடக்காமல் மாதக்கணக்கில் தலைமைச் செயலாளரே ஆட்சி நடத்தினால் என்ன எழுதியிருப்பீர்கள்? நோட்டு தீப்பிடித்திருக்கும். அரசமைப்பின் 243E பிரிவைப் புரட்டிப் பாருங்கள். ஊராட்சிக்கு ஐந்தாண்டு, அதற்கு மேல் கிடையாது, காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று பச்சையாக எழுதியிருக்கிறது. 1992-இல் 73ஆவது திருத்தத்தில் இதைச் சேர்த்ததற்குக் காரணமே நம் பழக்கம்தான். இங்கே 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் காலம் முடிந்து போனபிறகு 1996 வரைக்கும் தனி அலுவலர்கள்தான் ஊரை ஆண்டார்கள். திருத்தம் வந்த பிறகாவது திருந்தினோமா? 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தல் நீதிமன்றத்தில் நின்றது, 2019 கடைசி வரை இல்லை. தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத ஊருக்குப் பணம் இல்லையென்று அந்தக் காலத்தில் நிதிக்குழு மானியத்தையே டெல்லி நிறுத்தி வைத்தது. 2025-இல் மறுபடியும். வார்டு வரையறை முடியவில்லை, இணைப்பு வேலை இருக்கிறது என்று காரணங்கள் உண்டு, எப்போதும் உண்டு. எந்தக் கட்சி ஆண்டாலும் ஊராட்சித் தேர்தல் மட்டும் மழை பெய்தால் தள்ளிவைக்கும் கோவில் திருவிழா மாதிரி ஆகிவிடுகிறது. மாநில உரிமைக்காக நாம் டெல்லியிடம் பேசும் பேச்சு அத்தனையும் நியாயம்தான், உங்கள் நான்கு பக்கத்திலும் இருக்கிறது. அதே பேச்சை ஊராட்சி நம்மிடம் பேசினால் நமக்குக் காது கேட்பதில்லை.

உங்களுக்குச் சொந்த நஷ்டமும் உண்டு. 2024 ஏப்ரலில் முதல் ஓட்டுப் போட்டதைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள், மை வைத்த விரல் உட்பட. ஊராட்சித் தேர்தலில் ஓர் ஆளுக்கு நான்கு ஓட்டு, தெரியுமா? வார்டு உறுப்பினருக்கு ஒரு சீட்டு, தலைவருக்கு இளஞ்சிவப்பில் ஒன்று, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். மெஷின் கிடையாது, முத்திரை குத்தி மடித்துப் போட வேண்டும். இந்த நான்கும் உங்களுக்கு வர வேண்டிய நேரத்தில் வரவில்லை. நாலு ஓட்டைத் தொலைத்தவன் அதைத் தேடக்கூட இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

ஊராட்சியில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். என் சித்தி கதையைச் சொல்கிறேன். 1996 தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. சித்தப்பா தன் ஆசைக்குச் சித்தியை நிறுத்தினார், ஜெயித்தாள். ஐந்தாவது வரை படித்தவள். முதல் சில மாதம் கூட்டத்துக்குச் சித்தப்பாதான் போனார். அதற்கப்புறம் கிளார்க் சைக்கிளில் மினிட் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவார், சித்தி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து கையெழுத்துப் போடுவாள், அவர் ஒரு காபி குடித்துவிட்டுப் போவார்.

நான் டிகிரி முடித்து வேலையில்லாமல் திண்ணையில் கிடந்த காலம் அது. ஒருநாள் சித்தி புத்தகத்தை என்னிடம் நீட்டி, “என்னடா எழுதியிருக்கு இதுல?” என்றாள். படித்தேன். தெருவிளக்குப் பராமரிப்பு, டியூப்லைட் இருபத்துநாலு, சோக்கு பத்து, ஸ்டார்ட்டர் இவ்வளவு, கூலி இவ்வளவு. “இருபத்துநாலா?” என்று கேட்டுவிட்டுக் கிளார்க்கிடம், “நாளைக்கு வாங்க” என்றாள். அன்று விளக்கு வைத்த பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தாள். ஊரில் மொத்தம் எத்தனை லைட் எரிகிறது என்று பார்க்கத்தான். எரிகிற ஒவ்வொரு லைட்டுக்கும் முந்தானையில் ஒரு புளியங்கொட்டையை முடிந்துகொண்டாள். என் கையில் பேனாவும் பேப்பரும் இருந்தன, அதை அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து முந்தானையை அவிழ்த்தால் பதினொன்று. காலனிப் பக்கம் ஒன்றுகூட இல்லை, அந்தத் தெருக்கள் முழுக்க இருட்டு.

அடுத்த கூட்டத்துக்கு அவளே போனாள். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. தலைவர், “பொம்பளைக்குக் கணக்கு என்னத்துக்கு?” என்றாராம். “எண்ணத்தானே செஞ்சேன், கணக்கு நீங்கதான போட்டீங்க” என்றாளாம். பணம் திரும்பி வந்ததா என்றால் வரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மினிட் புத்தகம் சைக்கிளில் வந்ததில்லை. சித்தியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அந்த மாதக் கடைசியில் காலனியில் ஐந்து லைட் எரிந்தது. 2001-இல் திரும்பவும் நின்று தோற்றாள். லைட் வந்த தெருவிலேயே ஓட்டுக் குறைந்தது. அதில் அவளுக்கு வருத்தம் கிடையாது, எனக்குத்தான்.

இதைச் சொல்வதால் கிராமம் ஏதோ புனிதமான இடம் என்று நான் நினைப்பதாக எண்ண வேண்டாம். அம்பேத்கர் 1948-இல் அரசமைப்பு அவையில் கிராமத்தைச் சாடிப் பேசியதைத் தேடிப் படியுங்கள். மதுரை மாவட்டத்தில் மேலவளவு ஊராட்சி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டு, முருகேசன் ஜெயித்துத் தலைவரானார். 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து அவரையும் உடனிருந்த ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் ஒதுக்கீட்டை ஏற்க மாட்டோம் என்று 1996-இலிருந்து பத்தாண்டு முறையான தேர்தலே நடக்கவிடவில்லை. யாரையாவது நிறுத்தி, ஜெயித்த கையோடு ராஜினாமா வாங்கினார்கள். 2006-இல்தான் அங்கே ஒழுங்காகத் தலைவர்கள் வந்தார்கள். அந்த நாற்காலியில் ஒன்றும் இல்லை என்றால் அதற்காக ஏன் வெட்டுகிறார்கள்? விடுதி அறையில் டிரம்ப்பைத் திட்டினால் யாரும் உங்களைத் தொட மாட்டார்கள். ஊராட்சி அலுவலகத்தில் போய் டியூப்லைட் கணக்கைக் கேளுங்கள், அப்புறம் தெரியும்.

காஸாவைப் பற்றி எழுத வேண்டாமா என்று திருப்பிக் கேட்காதீர்கள். எழுதுங்கள். அந்தப் பக்கங்களில் குழந்தைகளைப் பற்றி எழுதிய இடத்தில் எனக்கும் தொண்டை அடைத்தது. மும்மொழி பற்றிய பகுதியில் எல்லாரும் சொன்னதுதான் இருக்கிறது, அதைக் குறைக்கலாம்.

வேண்டிய வேலை ஒன்று சொல்கிறேன். கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தலைவர் இல்லாவிட்டாலும் தனி அலுவலர் தரப்பில் யாராவது வந்து நடத்தியாக வேண்டும். பெரும்பாலும் விடுமுறை நாள், நீங்கள் ஊரில்தான் இருப்பீர்கள். போய் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் முழுசாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அது போதும். சத்தம் வரும், வரட்டும்.

அம்மாவிடம் அந்த மனுவின் நகல் இருக்கும். ஆபீசில் மனுவை வாங்கும்போது ஒரு ஒப்புகைச் சீட்டும் கொடுத்திருப்பார்கள், அதில் நம்பர் இருக்கும். பெரும்பாலும் அரிசி டின் பக்கமோ சாமி படத்துக்குப் பின்னாலோ வைத்திருப்பார். அதை எடுத்து, மனு எந்த அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது, என்ன பதில் வந்தது என்று விசாரித்து எனக்கு எழுதுங்கள். நாற்பது பக்கம் வேண்டாம், ஒன்றரைப் பக்கம் போதும்.

அன்புடன்