சினிமாவா, சிம்பொனியா?

கேள்வி: என் மகள் இசை படிக்கிறாள். சினிமாவுக்கு இசையமைத்தால் நாலு காசு பார்க்கலாம். அவளோ ஆர்கெஸ்ட்ராவுக்குத்தான் எழுதுவேன் என்கிறாள். இளையராஜாகூட சினிமாவில் சம்பாதித்து முடித்த பிறகுதானே சிம்பொனி பக்கம் போனார்? நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: மகளுக்கு இல்லை ஐயா, உங்களுக்குத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

'அன்னக்கிளி' வந்தது 1976இல். பத்தே வருடத்தில், கையில் படங்கள் குவிந்து கிடந்தபோதே, தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பைத் தந்துவிட்டார் இளையராஜா. அதில் கதாநாயகனும் இல்லை, காட்சியும் இல்லை. 1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவுக்காக ஒரு சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்கென்றே ஒரு நீண்ட படைப்பு, எழுதினார், அது வெளிவரவேயில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி அதே லண்டனில் அவருடைய 'வேலியண்ட்' சிம்பொனி அரங்கேறியபோது அவருக்கு வயது 81. வெறும் பொழுதுபோக்கையா ஒருவர் இத்தனை காலம் சுமப்பார்?

இசையமைப்பாளர் கோர்ன்கோல்ட் கதை இதற்கு நேர் எதிர். வியன்னாவில் ஓபரா என்ற இசை நாடகங்கள் எழுதிப் புகழ் பெற்றவர், ஹாலிவுட் போய் 1938இல் வந்த ராபின் ஹூட் படத்துக்கு ஆஸ்கார் வாங்கினார். பிறகு தன் படங்களின் மெட்டுகளையே எடுத்து ஒரு வயலின் கான்செர்டோ எழுதினார், அதாவது தனி வயலினும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. 1947இல் வயலின் மேதை ஹைஃபெட்ஸ் அதை வாசித்தார். நியூயார்க் விமர்சகர்கள் மூக்கைச் சுளித்தார்கள். இன்று பெரிய வயலின் கலைஞர்கள் பலரும் விரும்பி வாசிப்பது அதைத்தான்.

படத்தில் ஒரு காட்சி ஒன்றரை நிமிடம் என்றால் இசையும் ஒன்றரை நிமிடம்தான். நாயகி வாய் திறந்தால் வயலின்கள் அடங்கிப்போக வேண்டும். டைரக்டர் வெட்டினால் வெட்டியதுதான். மேடையில் இந்தத் தொல்லை கிடையாது, ஆனால் ஒளிந்துகொள்ள வசனமும் கிடையாது. அரைமணி நேரம் இசை தன் காலிலேயே நிற்க வேண்டும். உங்கள் மகள் இரண்டையும் பழகட்டும். குறும்படம் எடுக்கும் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கும் எழுதிப் பார்க்கட்டும்.

எனக்குக் கோபம் வருவது நம்மேல்தான். இரட்டைக் கோபுரத்துக்குள் 1998இலிருந்து பில்ஹார்மானிக் அரங்கம் இருக்கிறது. மலேசிய பில்ஹார்மானிக் இசைக்குழு வாசிப்பது அங்கேதான். நாமோ அங்கேயே இருக்கும் சூரியா கேஎல்சிசி பேரங்காடியில் குடும்பத்தோடு சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குத் தமிழ்நாட்டு நட்சத்திரங்கள் வந்தால் மட்டும் முன்வரிசை டிக்கெட்டுக்கு அலைகிறோம். நம் பிள்ளைகள் எழுதும் இசையைக் கேட்க அப்புறம் யார் வருவார்கள்?

அடுத்த கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்குங்கள். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, எந்த வாத்தியம் எப்போது நுழைகிறது என்று அவளிடமே கேளுங்கள். பிழைப்பைப் பற்றி அதற்குப் பிறகு பேசுவோம்.