சாரலில் மீட்டிங் வைக்கலாமா?

கம்பெனிக் கூட்டங்களுக்குத் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இடம் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஆனி பிறந்தால் போன் ஓயாது. இந்த வருடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சென்னையிலிருந்து முப்பது பேர் வருகிறோம். ஜூலையில் இரண்டு நாள் குற்றாலத்தில் திட்டமிடல் கூட்டம். காலை 9 முதல் மாலை 6 வரை அமர்வுகள். நிகழ்ச்சி நிரல் சரியாக இருக்கிறதா?

நிரல் சரி, அதற்கு ஊர்தான் தப்பு. பேரருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சைத் தொட்டு விழுகிறது என்று காலையிலேயே டீக்கடையில் பேச்சு வந்துவிடும். அதைக் காதில் வாங்கிய முப்பது பேரைப் பத்து மணிக்கு நாற்காலியில் உட்காரவைத்தால், உடம்பு ஹாலில் இருக்கும், மனசு அருவிக்கரையில் இருக்கும். சாயங்காலம் குளித்துக்கொள்ளலாம் என்று ஆறுதல் சொன்னாலும் எடுபடாது. சாயங்காலம் ஊரே அங்கேதான் நிற்கும்.

அதனால் குளியலை முதலில் வையுங்கள். விடிந்ததும் ஐந்தருவிக்குப் போய்விட்டு ஏழரைக்குள் திரும்பிவிடலாம். சுடச்சுட இட்லி. ஒன்பதரையிலிருந்து ஒன்றரை வரை ஒரே மூச்சாக வேலை. அருவியில் நனைந்தவனுக்கு எடுக்கும் பசி சாதாரணப் பசி இல்லை, சாப்பிட்ட பிறகு வருகிற தூக்கமும் அப்படித்தான். ஆகவே மதியத்துக்கு மேல் திரையில் எதையும் ஓட்டாதீர்கள். நாலு மணிக்கு இரண்டு இரண்டு பேராக ஒரு நடை போய்ப் பேசிவிட்டு வரட்டும். ஒரு நாளுக்கு நாலு மணி நேரம் கூட்டம் போதுமா என்று கேட்பார்கள். உருப்படியாக நடந்தால் அதுவே அதிகம்.

வெள்ளி, சனி வேண்டாம். செவ்வாய், புதன் வாருங்கள். பொதிகை எக்ஸ்பிரஸில் ராத்திரி எழும்பூரில் ஏறினால் காலையில் தென்காசி. அங்கிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான்.

இடம் பார்க்கும்போது கூரையைப் பாருங்கள். ஆரியங்காவு கணவாய் வழியாக வருகிற காற்று சாரலைப் பக்கவாட்டில் வீசும். பல வருடங்களுக்கு முன் பக்கச் சுவர் இல்லாத ஒரு தகரக் கொட்டகையை நானே நல்ல இடம் என்று சொல்லி ஒரு குழுவுக்குப் பிடித்துக் கொடுத்தேன். பதினொரு மணிக்கு புரொஜெக்டர் நனைந்தது. மைக்கில் காற்றின் சத்தம் மட்டும்தான் கேட்டது. விடுதிக்காரர் சிரித்தபடி ஜெனரேட்டர் இருக்கிறது என்றார். ஜெனரேட்டரை வைத்து நான் என்ன செய்ய? அன்றிலிருந்து மூன்று பக்கமாவது சுவர் இருக்கிற ஹாலை மட்டும்தான் பரிந்துரைக்கிறேன்.

போலீசார் குளிக்கத் தடை போடும் நாளும் வரும். கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்தால் வெள்ளம் நிமிடங்களில் இறங்கும். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் அப்படி வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனைக் கொண்டுபோனது. தடை என்றால் தடைதான், தெரிந்தவரை வைத்துப் பேசிப்பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

இன்னொன்று. குற்றாலத்தை மலைவாசஸ்தலம் என்று நினைத்துக்கொண்டு ஏப்ரலில் வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. ஊர் கடல்மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர் உயரம்கூட இல்லை. குளிர்ச்சியெல்லாம் சாரல் கொடுப்பது. சாரல் இல்லையென்றால் தென்காசி வெயில்தான்.

குற்றாலத்தில் வேலைப் பேச்சு எடுபடாது, அது கூத்தடிக்கிற ஊர் என்கிறார் எங்கள் எம்.டி. உண்மையா?

தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் குடியிருந்த காலத்தில் ராஜாஜியும் கல்கியும் அங்கே போய்ப் பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். அருவியும் சாப்பாடும் பேச்சும் அங்கே ஒன்றாகவே நடந்தன. இந்தக் காலத்துக்கு உதாரணம் வேண்டுமென்றால், பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் கம்பெனியின் அலுவலகம் இருக்கிறது. வேலை நடக்காத ஊரென்றால் அவர்கள் ஏன் அங்கே உட்காருகிறார்கள்? எம்.டி.யை ஒருநாள் அதிகாலையில் ஐந்தருவிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அப்புறம் பேசலாம்.

மாஞ்சோலையில் தங்கி ஒரு ரிட்ரீட் நடத்த ஆசை. தேயிலைத் தோட்டம், பனிமூட்டம், ஆள் நடமாட்டம் இல்லாத குடியிருப்புகள். ஏற்பாடு செய்ய முடியுமா?

முதலில் விதிமுறை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து எல்லாம் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. மணிமுத்தாறு சோதனைச் சாவடியைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும். மழை வந்தாலோ பாதை கெட்டாலோ அந்த அனுமதி எந்த நேரமும் நிற்கும். ஐம்பது பேர், ஸ்பீக்கர், இரவு விருந்து என்பதெல்லாம் அங்கே நடக்கிற காரியம் இல்லை. அனுமதி கிடைத்தால் சிறிய குழுவாகப் பகலில் போய்ப் பார்த்துவிட்டு இருட்டும் முன் இறங்குங்கள்.

அடுத்தது கேள்வியில் இருக்கிற கடைசி வார்த்தைகள். அந்தக் குடியிருப்புகளில் ஆள் நடமாட்டம் ஏன் இல்லை? சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் ஒரு தேயிலைக் கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மலை அது. குத்தகை முடிய நாலு வருடம் இருக்கும்போதே, 2024-ல் அந்தக் கம்பெனி தோட்டத்தை மூடுவதாக அறிவித்தது. தலைமுறை தலைமுறையாக அங்கே கொழுந்து பறித்தவர்கள் கீழே இறங்க வேண்டியதாயிற்று. அந்த ஜனங்களின் கூலிக்காக 1999 ஜூலை 23 அன்று போன ஊர்வலத்தில்தான் தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அந்த லைன் வீடுகளுக்கு முன்னால் கயிறு இழுக்கும் போட்டி வைத்து டீம் ஸ்பிரிட் வளர்க்க நான் ஏற்பாடு செய்ய மாட்டேன். வேறு யாராவது செய்து தருவார்களோ என்னவோ.

மலையைப் பார்த்துக்கொண்டு பேச வேண்டும், அவ்வளவுதானே? பாபநாசம், மணிமுத்தாறு அடிவாரத்திலேயே அது கிடைக்கும். ஆடி அமாவாசை வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் பாபநாசம் சாலையில் உங்கள் பஸ் நகராது.

எங்களுக்கு மட்டும் தனி அருவி உள்ள ரிசார்ட் என்று ஒரு விளம்பரம் வந்தது. எடுக்கலாமா?

வேண்டாம். ஓடையைத் திருப்பிச் செயற்கை அருவி கட்டிய ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி 2022-லேயே உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. கூட்டத்தின் நடுவில் தாசில்தார் வந்து கதவுக்குச் சீல் வைத்தால் அட்வான்ஸ் திரும்பாது.

தூத்துக்குடியில் இருந்து 120 டீலர்கள். சாப்பாடு பேசப்படும்படி இருக்க வேண்டும். என்ன போடலாம்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். திருநெல்வேலிச் சீமைக்கு வந்தவர்களுக்குப் பன்னீர் பட்டர் மசாலா போட்டு அனுப்புவது பாவம்.

முதல் நாள் மதியம் உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல். சாரல் குளிருக்கு அதைவிடப் பொருத்தமான சாப்பாடு கிடையாது. கறுப்பு உளுந்து போட்டுத் தேங்காயும் பூண்டும் சேர்த்தே வடிக்கச் சொல்லுங்கள். அசைவக்காரர்கள் முகம் சுளிக்காமல் இருக்கப் பக்கத்தில் நாட்டுக்கோழிக் குழம்பு இருக்கட்டும்.

தேங்காய்ப்பால் குழம்பான சொதியை இரண்டாம் நாள் மதியத்துக்கு ஒதுக்குங்கள். இங்கே சைவ வீடுகளில் அது மறுவீட்டு விருந்து. இஞ்சிப் பச்சடியும் உருளைக்கிழங்குப் பொரியலும் கூட இல்லையென்றால் அது சொதியே இல்லை. இரண்டாம் நாள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. சொதி சாப்பிட்டவனுக்குக் கண் சொக்கும், அதற்குப் பிறகு விற்பனை இலக்கைப் பற்றிப் பேசினால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான், ஒன்றும் நினைவிருக்காது. சாப்பிட்டதும் பஸ் ஏற்றிவிடுங்கள். சமையல்காரரிடமும் ஒரு வார்த்தை: முதல் தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றி இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரிந்துவிடும். 120 பேர் ஒரே பந்தியில் உட்கார இடம் இல்லையென்றால் இரண்டு முறையாகச் செய்யச் சொல்லுங்கள்.

ராத்திரிக்குச் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டர் புரோட்டா கேட்பார்கள். 120 பேரையும் கடைவாசலில் இறக்காதீர்கள். முந்தின நாளே சொல்லிவைத்துப் பார்சலாக எடுத்து வந்து இலை போட்டுப் பரிமாறுங்கள். சால்னா தாராளமாக வாங்குங்கள், கடைசியில் அதற்குத்தான் சண்டை வரும். திருநெல்வேலி டவுன் இருட்டுக்கடை அல்வா என்றால், கடை திறப்பதே சாயங்காலம்தான். காலையில் ஊர் திரும்புகிறவர்களுக்கு முந்தின மாலையே ஆள் அனுப்பி வாங்கிவைக்க வேண்டும்.

பெங்களூர் கம்பெனி. விடுதி பில்லில் உள்ள ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக எடுத்து, நாங்கள் கட்டும் வரியில் கழித்துக்கொள்ள முடியுமா?

தமிழ்நாட்டில் உங்களுக்கு ஜிஎஸ்டி பதிவு இல்லையென்றால் முடியாது. தங்கும் அறைக்கும் கூட்ட அரங்குக்கும் கட்டடம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநில வரிதான் விழும். கர்நாடகப் பதிவெண்ணைக் கொடுத்தாலும் தமிழ்நாட்டு வரியைக் கழிக்க வழியில்லை. இங்கே கிளை இருந்தால் அந்த எண்ணில் பில் வாங்குங்கள். சென்னைக்காரர்கள் செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துத் தென்மலையில் அறை எடுத்தாலும் இதே கதை. அப்புறம், 2025 செப்டம்பர் 22-லிருந்து, ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18. 7,600 என்று விலை சொன்னால் நூறு ரூபாய்க்குப் பேரம் பேசுவதில் வெட்கம் வேண்டாம்.

போர்டு மீட்டிங்கை நவம்பர், டிசம்பரில் வைத்தால் வாடகை குறையுமா?

குறையாது. கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்குப் போகிற சாமிமார் குற்றாலம் வந்துவிடுவார்கள். அதோடு வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே வெள்ளத்துக்கு நடுவே நின்றது. செப்டம்பர் பாருங்கள், இல்லையென்றால் தை பாதியில் தொடங்கி மாசி வரை. அருவியில் தண்ணீர் நூலாகத்தான் விழும், ஆனால் போர்டு மெம்பர்கள் குளிக்கவா வருகிறார்கள்?

குழுவில் பாதிப்பேர் பெண்கள். அருவிக் குளியல் சரிப்படுமா?

பேரருவியிலும் ஐந்தருவியிலும் பெண்களுக்குத் தனிப் பகுதி உண்டு. கஷ்டம் உடை மாற்றுவதில்தான். ஈரத்தோடு ஏறி உட்காரத் தனி வேன் ஒன்று போட்டு, நேரே அறைக்குத் திரும்புவது நல்லது. குளிக்க விருப்பமில்லாதவர்களை யாரும் வற்புறுத்தக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வருகிறவர்களுக்குக் கம்பெனி பெயர் அச்சிட்ட ஷாம்பூ, சோப்பு, தண்ணீர் பாட்டில் அடங்கிய பை கொடுக்கலாம் என்றிருக்கிறோம். யோசனை எப்படி?

அருவியில் சோப்பு, ஷாம்பூவுக்குத் தடை. பிளாஸ்டிக்கைக் காட்டுச் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். அந்தப் பணத்துக்குக் கைத்தறித் துண்டு ஒன்றும் கல்லிடைக்குறிச்சி அப்பளக் கட்டு ஒன்றும் கொடுங்கள். கொஞ்சம் கூடச் செலவழிக்க முடியுமென்றால் பத்தமடைப் பாய். நல்ல பாய்க்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். சொதி சாப்பிட்ட பிறகும் கூட்டம் தொடரும் என்று யாராவது அடம்பிடித்தால், விரித்துப் படுக்க ஆகும்.