குளிர் அறையில் ட்ரிஸ் பஃபரின் பிஎச் ஏன் ஏறுகிறது?

25 டிகிரி செல்சியஸில் பிஎச் (அமில-கார அளவு) 7.4 வைத்த ட்ரிஸ் பஃபர் (பிஎச்சை நிலையாகத் தாங்கும் ஆய்வகக் கரைசல்), 4 டிகிரி குளிர் அறையில் 8.0 காட்டுகிறது, மீட்டர் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். மீட்டரைத் திட்டாதீர்கள், அது உண்மையைத்தான் சொல்கிறது.

ட்ரிஸ் அயனி தன் புரோட்டானைக் கழற்றிவிட மோலுக்குச் சுமார் 47 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதனால் சூடேற்றினால் புரோட்டான் எளிதில் கழலும், குளிர்வித்தால் ஒட்டிக்கொள்ளும்; கரைசலில் புரோட்டான் குறைவதால் பிஎச் ஏறும். வெப்பநிலையோடு சமநிலை எப்படி மாறும் என்று சொல்லும் வாண்ட் ஹாஃப் சமன்பாட்டில் போட்டால், பிகேஏ (பாதி அயனிகள் புரோட்டானை விட்டிருக்கும் பிஎச்) ஒரு டிகிரி குளிர்ந்தால் 0.028 ஏறுகிறது, பிஎச்சும் கூடவே ஏறும். நீங்கள் 21 டிகிரி இறக்கியிருக்கிறீர்கள். பெருக்கிப் பாருங்கள், 0.59 வரும். அதே புட்டி 37 டிகிரியில் 7.1 பக்கம் நிற்கும்.

மீட்டரின் தானியங்கி வெப்பத் திருத்தம் இதைச் சரிசெய்யாது. அது மின்முனையின் சரிவை (ஒரு பிஎச்சுக்கு எத்தனை மில்லிவோல்ட் என்பதை) மட்டும்தான் திருத்தும். பலர் வழுக்கி விழும் இடம் இது.

பயன்படுத்தும் வெப்பநிலையிலேயே பிஎச் வையுங்கள், அவ்வளவுதான். ஆனால் 4 டிகிரியில் 7.4 வேண்டுமென்றால் ட்ரிஸை நான் எடுக்கவே மாட்டேன்: அங்கே அதன் பிகேஏ 8.6-ஐத் தாண்டிவிடும், பிகேஏவிலிருந்து விலகிய 7.4-இல் பிஎச்சைத் தாங்கும் திறன் மிகக் குறைவு. ஹெப்பஸ் என்ற பஃபர் ட்ரிஸில் பாதியளவுதான் நகரும். பாஸ்பேட் பஃபருக்கு அந்த வெப்பம் மோலுக்கு 4 கிலோஜூலுக்கும் குறைவு, அசையாது என்றே சொல்லலாம். ஆனால் உங்கள் கரைசலில் கால்சியம் இருந்தால் வீழ்படிவாகிவிடும். சோடியம் பாஸ்பேட்டை உறையவைப்பதும் வேண்டாம். இருசோடிய உப்பு முதலில் படிகமாகி, மிச்சம் அமிலமாகும்.